வளைவில் மூன்று விசில்

கப்பலைக் கடலில் ஓட்டுவது ஒரு வேலை. அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருவது வேறு வேலை. அதைச் செய்கிறவர் பைலட். கயிற்றேணி பிடித்து ஏறி, கேப்டனின் பக்கத்தில் நின்று, எந்த மிதவையை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று சொல்வார். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். நான் அந்த வேலைக்கு முயன்றதற்கு அது ஒன்றுதான் காரணம்.

தேர்வில் ஒரு வெற்றுத்தாளும் பென்சிலும் தருவார்கள். கடல் வாயிலிலிருந்து கப்பல் கட்டி நிற்கும் தளம் வரை முழுத் தடத்தையும் நினைவிலிருந்து வரைய வேண்டும். மிதவைகள், அவற்றின் நிறம், இருட்டில் எத்தனை முறை மின்னும், எங்கே ஆழம், எங்கே மணல்மேடு. பிறகு கேள்விகள். மூடுபனியில் கண் தெரியாது, கருவி கெட்டுப்போகும், அப்போது பைலட்டின் தலைதான் வரைபடம் என்பது அவர்கள் கட்சி.

இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது கடைசி. அதிலும் தோற்றால் பழையபடி சரக்குக் கப்பல், மாதக்கணக்கில் கடல். மகள் வேறு ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவாள். அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா, எங்களோடுதான் இருந்தார். ஆனால் அவருடைய முழங்கால்கள் ஐந்து வயதுக் குழந்தையைத் துரத்தும் நிலையில் இல்லை. அக்கா வந்து மகளின் துணிகளில் பாதியை ஒரு பையில் அடுக்கிவிட்டே போயிருந்தாள்.

"சும்மா ஒரு முன்னேற்பாடுடா" என்றாள்.

பை கூடத்து மூலையில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

முதல் தடவை உருப்போட்டேன். வரிசையைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். தேர்வறையில் ஒரு மிதவை விட்டுப்போனது. அதோடு பின்னால் வந்தவை எல்லாம் சரிந்தன.

இரண்டாம் தடவை என் மனைவியின் முறையைப் பிடித்தேன். அவள் பிசியோதெரபி படித்தவள். மணிக்கட்டின் எலும்புகளை விடுதிப் படிக்கட்டில் ஒவ்வொன்றாக உட்கார வைத்துத்தான் தேர்வு எழுதினாளாம். தெரிந்த இடத்தில் மனசால் நடக்க வேண்டும். நினைவில் வைக்க வேண்டியதை வழியில் ஒவ்வொரு இடத்திலும் வைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்ப நடந்தால் எல்லாம் அங்கங்கே இருக்கும்.

"கிறுக்குத்தனமா வைக்கணும். அழகா வச்சா மறந்துடும்" என்பாள். "ஒரு எலும்பு வார்டன் சேலையைக் கட்டிட்டு உக்காந்திருந்துச்சு. இப்பவும் மறக்கல."

எனக்குத் தெரிந்த இடம் எங்கள் வீடு. அதில் தடத்தை வைத்தேன். இரும்புக் கதவு கடல் வாயில். பின்பக்கத்துக் குழாயடி தளம். உள்ளே வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. செருப்பு அலமாரியில் ஒரு சிவப்பு மிதவை, காலணி போடாமல் அழுதுகொண்டு. சோபாவில் பச்சை மிதவை, கால்மேல் கால் போட்டு.

பாதிவரை அருமையாக வந்தது. பிறகு பென்சில் நின்றுவிட்டது. தடம் வளைகிற இடம் அது. பன்னிமுதுகு என்ற மணல்மேடும், மூழ்கிய தூர்வாரிக் கப்பலும், வளைவு மிதவையும் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. என் தாளில் அங்கே ஒன்றுமில்லை.

மூத்த பைலட் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் கப்பல் வந்துடுச்சு. தளத்துலயும் நிக்குது. நடுவுல என்ன தம்பி, றெக்கை கட்டிப் பறந்துச்சா?"



கடைசித் தேர்வுக்கு முந்தின வாரம். காலையில் வீட்டுக்குள்ளேயே நடந்து பயிற்சி செய்தேன். கண் பாதி மூடி, வாய்க்குள் முணுமுணுத்தபடி. கதவு, செருப்பு அலமாரி, சோபா, சாப்பாட்டு மேசை. பிறகு வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்துச் சந்தில் நடந்து, பின்பக்கம் போனேன். அத்தை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"எங்க கப்பல் வந்துடுச்சா மாப்பிள்ளை?"

"வந்துடுச்சு அத்தை."

"சந்து வழியாவா?"

நின்றேன்.

"கூடத்துல இருந்து பின்பக்கம் வர்றதுக்கு வீட்டுக்குள்ளயே வழி இருக்கு. சமையல்கட்டு வழியா. நீங்க தண்ணி குடிக்கக்கூட சுத்திக்கிட்டுதான் வர்றீங்க. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." அவர் ஒரு சட்டையைப் பிழிந்தார். "வீட்டைச் சுத்திப் போனா உங்க கால் வேணா வந்து சேரும். கப்பல் எப்படி வரும்? செவுத்துலதான் முட்டும்."

உண்மைதான். சந்தில் இரண்டு பக்கமும் வெறும் சுவர். வளைவை நான் வைத்திருந்தது அந்தச் சுவர்களுக்கு நடுவே. எதையும் மாட்ட ஒரு ஆணிகூட இல்லாத இடம்.

என் மனைவி இறந்தது சமையலறையில். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அதன்பின் நான் அங்கே போனதில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. கால்கள் தாமாகச் சந்துப்பக்கம் திரும்பின. மனசில் நடந்தபோதும் அதே கால்கள்தான்.

"வாங்க" என்று அத்தை பின்வாசலைக் காட்டினார். அவருடைய கை ஈரமாக இருந்தது. "அவளை நான் பெத்தேன். நானே தினம் அங்கதான் நிக்கிறேன்."

போனேன். மகளும் பின்னால் ஓடிவந்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டாள். சொன்னேன்.

"பன்னிமுதுகுன்னா நிஜப் பன்னியா?"

"மணல்மேடு. அது பேரு அப்படி."

"அப்ப பன்னியை ஃபிரிட்ஜ் மேல படுக்க வைப்பா. அது ஐஸ் வேணும்னு கத்தட்டும்."

"நான் தொடச்சுத் தொடச்சு வச்சிருக்கிற ஃபிரிட்ஜ் மேல பன்னியா?" என்றார் அத்தை. "இறக்குடி அதை."

"அது வராது பாட்டி. அதுக்குச் சூடா இருக்காம்."

பன்றி அங்கேயே இருந்தது. மூழ்கிய தூர்வாரியைப் பாத்திரத் தொட்டியில், எச்சில் தட்டுகளுக்கு அடியில் போட்டோம். அதன்மேல் இருக்கும் மிதவை இரண்டு முறை மின்னும். குழாய் இரண்டு சொட்டு விடும் என்று வைத்துக்கொண்டோம்.

வளைவு மிதவை மீதி. அது கறுப்பு, மஞ்சள், கறுப்பு. அதற்குக் கிழக்கே போக வேண்டும். மூன்று முறை மின்னும்.

அடுப்பின்மேல் பழைய குக்கர் இருந்தது. மேலே கறுப்புக் கைப்பிடி. நடுவில் சுற்றிப் பிடிக்கிற மஞ்சள் துணி. கீழே கரி ஏறிய அடிப்பாகம். சோற்றுக்கு எப்போதும் மூன்று விசில். அதில் கிறுக்குத்தனம் எதையும் நான் சேர்க்கவில்லை. ஜன்னல் அதற்குக் கிழக்கே. கப்பல் போக வேண்டியது அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே. அவள் விழுந்த இடம். வரைபடத்தில் அங்கேதான் ஆழம் அதிகம்.

அந்த வழியாக நடந்தேன். பின்வாசல் போய்த் திரும்பினேன். மறுபடி நடந்தேன். மகள் முன்னால் கப்பல் மாதிரி ஊதிக்கொண்டு போனாள்.

தேர்வறையில் மூத்த பைலட்டும் துறைமுக அதிகாரியும் இருந்தார்கள். தாள் வந்தது. இரும்புக் கதவைத் திறந்தேன். செருப்பு அலமாரியில் சிவப்பு அழுதுகொண்டிருந்தது. சோபாவில் பச்சை காலை ஆட்டியது. சாப்பாட்டு மேசை. சமையலறை வாசல். நிற்கவில்லை. பன்றி ஐஸ் கேட்டுக் கத்தியது. குழாய் இரண்டு சொட்டு விட்டது. பென்சில் வளைந்து குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தது.

மூத்த பைலட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். விரலால் தடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். வளைவில் விரல் நின்றது. பிறகு தாண்டியது.

"உள்ள வர்றதை யார் வேணா உருப்போடலாம்" என்றார் அதிகாரி. தாளைக் கவிழ்த்து வைத்தார். "வெளிய போங்க. தளத்துல இருந்து. மூடுபனி. ராடார் இல்ல."

உருப்போட்டதைத் தலைகீழாகச் சொல்வது கடினம். வீட்டில் தலைகீழாக நடப்பது கடினமில்லை. பின்வாசலில் நுழைந்தேன். இப்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம்.

"வளைவு கிட்ட வந்துட்டீங்க. பனிக்குள்ள ஒரு வெள்ளை வெளிச்சம் மின்னுது. அது தூர்வாரியா, வளைவா? எத்தனை?"

அதையே என் மனைவி கேட்டாள், சமையலறையிலிருந்து. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாள். எண்ணுவதை எப்போதும் கோட்டைவிடுவாள். குளியலறையிலிருந்தோ மாடியிலிருந்தோ கத்துவாள். கேப்டன் சார், எத்தனை விசில் வந்துச்சு? நான் படித்துக்கொண்டிருப்பேன், தூங்கிக்கொண்டிருப்பேன். ஆனாலும் எண்ணியிருப்பேன். ஒருநாளும் தப்பியதில்லை.

"மூணு" என்றேன்.

"மூணுன்னா?"

"வளைவு மிதவை. கறுப்பு, மஞ்சள், கறுப்பு. ரெண்டு மின்னினா தூர்வாரி. வளைவுக்குக் கிழக்கே போறேன். பன்னிமுதுகு அதுக்கு மேற்கே."

"கிழக்கே எவ்வளவு நெருங்கலாம்?"

"பயப்படாம நெருங்கலாம் சார். அங்க நல்ல ஆழம்."

அதிகாரி இன்னும் கேட்டார். நீரோட்டம், காற்று, எதிரே வரும் கப்பல். நான் வீட்டுக்குள் இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருந்தது. எங்கிருந்து கேட்டாலும் அங்கே போய் நிற்க முடிந்தது. கடைசியில் அவர் கேள்வி தீர்ந்து மூத்த பைலட்டைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் மூத்த பைலட். "நானே அந்த இடத்துல ஒருதரம் யோசிக்கணும்." கையை நீட்டினார். "போன தடவை பறந்த கப்பல்தானேய்யா இது? வாங்க. நாளைக்கே என்கூட படகுல ஏறுங்க."

அவர் கையைக் குலுக்கினேன். வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"குழந்தை எங்கேயும் போகல" என்றேன்.

"அந்தப் பையில என்னோட நல்ல துண்டு ஒண்ணு இருக்கு, அனுப்பி வை" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் விஷயத்தை என் முகத்திலேயே படித்துவிட்டாள். பையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நடுத்தரையில் கவிழ்த்தாள். துணியெல்லாம் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடந்தது.

"இது என்னடி கோலம்?" என்று அத்தை கரண்டியோடு திரும்பினார். என்னைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வேர்க்குது" என்றார்.

"நான் கப்பல். நீ பைலட்" என்றாள் மகள். "கண்ணை மூடிக்கிறேன். பனி."

கைகளை விரித்துக்கொண்டு கிளம்பினாள். ஃபிரிட்ஜில் இடித்தாள்.

"பன்னிமுதுகுல ஏறிட்ட" என்றேன். தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். "கிழக்கே. இன்னும் கிழக்கே. இப்ப முழு வேகம்."

துணிகளின்மேல் ஏறி, அந்த இடத்தைத் தாண்டி, ஊதிக்கொண்டே பின்வாசல் வழியாக வெளியே போனாள்.