மண்ணைத் துவைத்த மனுஷன்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் மரத்துப்போனால் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். மண்ணைத் துவைத்துப் பிழைத்துக்கொண்ட ஒரு மனுஷனின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு தெருமுனையில் சலவைக்கடை ஒன்று. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தினார்கள். விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். கடைசி அலசலில், துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னரைப் புருஷன்காரர் மனசாரக் கவிழ்ப்பார். அதனால் தெருவில் அவருக்கு ‘வாசனை’ என்றே பேர். கைக்குட்டையோ கரித்துணியோ, அவர் கையில் சிக்கினால் சாஃப்ட்னரில் முங்காமல் வெளியே வராது.

துணி மணத்தது, சாக்கடைதான் பொங்கியது. சோப்புத் தண்ணீர் நுரை நுரையாக ஏறி எதிர்க்கடை வாசலுக்கே போய்விட்டது.

“வாசனை அண்ணே, உங்க நுரையில ஒருத்தரு வழுக்கி விழுந்துட்டாரு. ரொட்டி வாங்க வந்தவருக்குக் கட்டுப் போட்டு அனுப்பினேன்!” என்றார் எதிரே ரொட்டிக்கடைக்காரர்.

வடிகால் அதிகாரியும் வந்து பார்த்தார். “வெள்ளிக்கிழமை வருவேன். அப்பவும் நுரை இருந்தா குழாயை அடைச்சு சீல் வெச்சிடுவேன்.”

குழாய் அடைபட்டால் கடை ஏது? பெண்டாட்டி உடனே நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

வாசனையின் தங்கை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மூட்டைக் களிமண்ணோடு வந்து இறங்கினாள். “மண்ணு அழுக்கைப் பிடிக்கும் அண்ணி. போட்டுப் பார்ப்போம்.”

கழிவுநீர் டிரம்மில் பாதி மண்ணைக் கொட்டிக் கலக்கினார்கள். நுரை போகவில்லை, நிறம்தான் மாறியது.

“வெள்ளை நுரை போய் காபி நுரை வந்திருக்கு. நல்ல முன்னேற்றம்,” என்றாள் பெண்டாட்டி.

தங்கை தலையைச் சொறிந்தாள். “சோப்புக்கும் மண்ணுக்கும் ஒரே குணம், காந்தத்தோட ஒரே முனைங்க மாதிரி ஒண்ணை ஒண்ணு தள்ளுது. மண்ணோட குணத்தை மாத்தணும். என்ன சேர்க்கறதுன்னு எங்க கூடத்துப் பெரியவரைக் கேட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள மீதி மண்ணைக் கழுவி வைங்கண்ணா, கல்லு தூசி போகட்டும்.”

கழுவு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதானே? ஊறவைத்தார், கலக்கினார், வடித்தார். கடைசி அலசலில் கை தானாக சாஃப்ட்னர் கேனுக்குப் போய்விட்டது.

பெண்டாட்டி வந்து பார்த்தால், மண் திரிந்த பால்போலத் திட்டுத் திட்டாக நிற்கிறது. கடையே கமகமக்கிறது.

“என்னங்க இது! மண்ணுக்கு எதுக்கு வாசனை? கல்யாணத்துக்கா போகுது அது?”

“பழக்கதோஷம்மா…”

“அலசுங்க! மணம் போற வரைக்கும் அலசுங்க!”

பாவம், தோள் நோக அலசி, வெயிலில் காயவைத்துப் பொடித்தார்.

வெள்ளிக்கிழமை தங்கைக்கு முன்னால் அதிகாரி வந்துவிட்டார். வேறு மண் இல்லை. பெண்டாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மண்ணையே டிரம்மில் கொட்டிக் கலக்கினாள். காத்திருந்தார்கள். மண் மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. அதிகாரி மேல் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் குலுக்கினார். நுரையைக் காணோம்! நம்பாமல், மெஷினிலிருந்து தானே ஒரு வாளி சோப்புத் தண்ணீர் பிடித்து, மிச்சமிருந்த மண்ணில் கொஞ்சம் தானே போட்டுப் பார்த்தார். அதிலும் நுரை இல்லை.

அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்தாள் தங்கை. நடந்ததைக் கேட்டு, மண்ணில் லேசாக மிஞ்சியிருந்த மணத்தை முகர்ந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணா, பெரியவர் சேர்க்கச் சொன்னதும் இந்த மாதிரி சரக்குதான்! சாஃப்ட்னர் மண்ணுல ஒட்டிக்கும், சோப்பு அதுல ஒட்டிக்கும். ஆனா மிச்ச சாஃப்ட்னர் தண்ணியில கலந்தா அதுவும் கெடுதல். அலசச் சொன்ன அண்ணிக்குத்தான் கும்பிடு போடணும்.”

வாசனை நெஞ்சை நிமிர்த்தினார். “நான் அப்பவே நினைச்சேன்.”

“எப்ப? நான் திட்டும்போதா?” என்றாள் பெண்டாட்டி.

அதிகாரி சீல் வைக்கக் கொண்டுவந்த சாமானைப் பைக்குள் போட்டார். “இந்தத் தண்ணியை ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பாட்டில் அனுப்புங்க. அடியில தங்கின மண்ணைச் சாக்கடையில கொட்டாம மூட்டை கட்டிக் குடுங்க.” வாசல்வரை போனவர் திரும்பிவந்து, கூச்சத்தோடு தன் கைக்குட்டையை நீட்டினார். “இதுக்கு மட்டும் வாசனை இருக்கட்டும்.”

கண்ணுகளா, உங்கள் வீட்டுக்குத் தெளிந்த தண்ணீர் வரட்டும். உங்கள் வீட்டிலிருந்து போகிற தண்ணீரும் அடுத்தவர் வாசலை நோகடிக்காமல் போகட்டும். திட்டுகிறவரும் திட்டு வாங்குகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துச் சாப்பிடுகிற வீடாக உங்கள் வீடு என்றைக்கும் இருக்கட்டும்.