அஸார் பெயரில் ஒரு சர்வீஸ் நோட்டு

என்னிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்தாறு வருடம் நெல் கொள்முதல் நிலையத்தில் குத்தூசியோடு நின்றவன் நான். மூட்டையின் வாய்ப்பக்கம் மணிமணியாக நெல் இருக்கும். நடுவில் குத்தி இழுத்தால் ஈரமும் பதரும் வரும். மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது. காபியைக்கூட இவர் மோந்து பார்த்துத்தான் குடிப்பார் என்று என் மனைவி தனபாக்கியம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு இந்தக் குணத்துக்கே ஒரு வேலை கிடைத்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது, அந்த ஆள் கொடுத்த காகிதங்கள் உண்மையா என்று பார்க்க ஒரு ஏஜென்சியிடம் கொடுக்கும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் காகிதங்களை ஏஜென்சி எனக்கு அனுப்பும். நான் மொபெட்டில் போய்ப் பார்த்து, உண்மை என்றால் பச்சைக் கட்டத்திலும் பொய் என்றால் சிவப்புக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவேன். சிவப்பு விழுந்தால் வேலை போச்சு. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது என் வழக்கம்.

பொய்க்குப் பஞ்சமே இல்லை. அதற்குக் கம்பெனிக்காரர்களும் ஒரு காரணம். 'புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று விளம்பரம் கொடுப்பார்கள். அதற்குக் கீழேயே 'ஒரு வருட அனுபவம் அவசியம்' என்றும் போடுவார்கள். பையன்கள் என்ன செய்வார்கள்? கேள்வி பதிலை மனப்பாடம் செய்து சர்டிபிகேட் வாங்குகிறார்கள், அனுபவத்தை மாமனிடம் எழுதி வாங்குகிறார்கள். திருத்துறைப்பூண்டியில் சாப்ட்வேர் கம்பெனி என்று போட்டிருந்த விலாசத்தில் மாட்டுத் தீவனக் கடை இருந்தது. "ஆமாங்க, இங்கதான் வேலை பாத்தாப்ல" என்று கடைக்காரர் கூசாமல் சொன்னார்.

2007 மாசியில் ஒரு காகிதம் வந்தது. பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு. ஆஷிகா, வயது இருபத்துமூன்று, நீடாமங்கலம். கபீர் சிஸ்டம்ஸில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து மூன்றரை வருட அனுபவம். சர்டிபிகேட் ஒன்றுகூட இல்லை. அனுபவக் கடிதத்தில் கையெழுத்து, உரிமையாளர் அஹமது கபீர். தகப்பன் பெயர் என்ற இடத்திலும் அஹமது கபீர்.

அப்பன் மகளுக்குக் கொடுத்த அனுபவம்! சிவப்பு டிக்கை வீட்டிலிருந்தே அடித்திருக்கலாம்.

அது எனக்குத் தெரிந்த கடை. 2005இல் கபீரின் மகன் அஸாருக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது நான்தான் வந்து பார்த்தேன். சுவரில் கண்ணாடி போட்டு அவனுடைய சர்டிபிகேட் தொங்கியது. சர்வீஸ் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம், பழுது பார்த்தவர் அஸார் என்று இருந்தது. பச்சை டிக் அடித்தேன். இந்தக் காகிதம் வந்தபோதும் பையன் அந்த வேலையில்தான் இருந்தான்.

இந்தத் தடவை என்னைப் பார்த்ததும் கபீர் எழுந்து நின்றார். "வாங்க சார், உக்காருங்க" என்று வாய் சொன்னது. முகம் வேறு சொன்னது.

"நோட்டை எடுங்க பாய்."

புரட்டினேன். ஆஷிகா என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. எல்லாம் அஸார், அஸார், அஸார். மூடப்போனவன் ஒரு தேதியில் நின்றேன். 2006 அக்டோபர் பத்து, செவ்வாய். நன்னிலம், சாரங்கபாணி ரைஸ் மில், எடை மேடை கம்ப்யூட்டர். பழுது பார்த்தவர் அஸார்.

"பாய், உங்க மகன் சென்னைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. இங்க எப்படி ரிப்பேர் பாத்தாரு?"

"லீவுல வந்திருப்பான் சார்."

"செவ்வாக்கிழமையிலயா?"

கபீரின் கண் வீட்டுக்குள் போகும் உள்வாசல் திரைப்பக்கம் போய்வந்தது. மகள் கடிதம் மட்டுமல்ல, நோட்டே புளுகு என்று முடிவு கட்டினேன். தஞ்சாவூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை நேரே நன்னிலத்துக்கு விட்டேன். உண்மையைச் சொன்னால் முன்கூட்டியே போன் போட்டு விடுவாரே.

மில்லில் அறுவடை நெல் வந்து குவிந்திருந்தது. சாரங்கபாணிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது.

"வாசல்ல பதினோரு லாரி நிக்கிது. கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. கபீர் பாய் வீட்டுக்குப் போன் போட்டா ஒரு பொண்ணு எடுத்துச்சு. 'சுவிட்ச் போட்டா எப்படி பீப் அடிக்குது சார்'னு கேட்டுச்சு. நீளமா விட்டு விட்டு அடிக்குதும்மான்னேன். 'பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா'ன்னுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு..."

"அப்புறம்?"

"மூடியைக் கழட்டச் சொல்லிச்சு. உள்ள சீப்பு மாதிரி பச்சைப் பட்டை ஒண்ணு, அதுதான் மெமரியாம். 'அதோட மஞ்சப் பல்ல ரப்பரால தேச்சு மறுபடி சொருகுங்க, தவிட்டுத் தூசி ஏறியிருக்கும்'னுச்சு. செஞ்சேன். உயிர் வந்துருச்சுங்க."

"அதுக்கு முன்னாடியெல்லாம் அஸார்தானே வந்து பாப்பாரு?"

"அவன் என்ன பாத்தான்? பொட்டிய பைக்ல கட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான். மறுநா கொண்டாந்து வைப்பான். என்னப்பா ரிப்பேருன்னு கேட்டா முழிப்பான். நல்ல பையன்தான், பாவம்."

வண்டியை மறுபடி கபீர் கடைக்கே திருப்பினேன். அதுவரை அடுத்தவர்மேல் மட்டுமே சந்தேகப்பட்டுப் பழகியவன், 2005இல் நான் அடித்த பச்சை டிக்கையே சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

"பாய், நோட்டுல அஸார்னு எழுதினதெல்லாம் யார் செஞ்ச வேலை?"

திரைக்குப் பின்னாலிருந்து கபீரின் மனைவி மெஹராஜ் பேகத்தின் குரல் வந்தது. "நான்தாங்க அவ பேரைப் போட வேண்டாம்னேன். பொம்பளப் புள்ள பொட்டி கழட்டி ரிப்பேர் பாக்குதுன்னு தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்களா? மகன் பேர்லயே எழுதச் சொன்னேன்."

"அவன் போன பொறவும் கை பழகிப்போய் அதையே எழுதிட்டேன் சார்" என்றார் கபீர்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அனுபவத்தைக் காட்டித்தான் அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறான். மகளுக்குப் பச்சை டிக் அடித்தால் மகனுடைய அனுபவம் பொய்யாகும். நான் முன்பு எழுதிய அறிக்கையும் பொய்யாகும், ஏஜென்சி என்னை வைத்துக்கொள்ளாது. மகளுக்குச் சிவப்பு அடித்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த நிமிடம் சிவப்புதான் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

கபீரும் அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், நான் குடுத்த லெட்டர் பொய்னு எழுதிக்குங்க. பொண்ணுக்கு வேலை இல்லாட்டி என்ன, வீட்டுல இருக்கட்டும். அவனுக்குப் போச்சுன்னா குடும்பமே தலையெடுக்காது."

பதரை நெல் என்று சத்தியம் செய்தவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நல்ல நெல்லைப் பதர் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சிய மனிதர் இவர் ஒருவர்தான். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். தலையில் முக்காடு, விரல் நுனியெல்லாம் கறுப்பு. ஆஷிகா.

"சார், போன தடவ நீங்க வந்தப்ப டீ போட்டது நான்தான். உள்ள மூணு பொட்டி கழட்டிக் கெடந்துச்சு. அண்ணன் உங்க முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. நீங்க ஒரு கேள்வி கேக்கல. சுவத்துல இருந்த சர்டிபிகேட்டப் படிச்சீங்க, டீயைக் குடிச்சீங்க, போயிட்டீங்க."

என் குத்தூசி அன்றைக்கு மூட்டை வாயோடு நின்றிருக்கிறது. ஒரு சின்னப் பெண் அதைச் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தது.

"சும்மா இரும்மா" என்றார் கபீர். "உண்மைய எழுதினா அண்ணன் வேலை போயிரும்."

"அது நான் பாத்த வேலைக்குக் கெடச்ச வேலை அத்தா. போனா என்னோடதுதான் போவுது."

அப்போதும் என் புத்தி என்னை விடவில்லை. இதுவும் சொல்லிக் கொடுத்த பேச்சாக இருந்தால்? "உள்ள பாக்கணும்" என்றேன். அந்நிய ஆணை வீட்டுக்குள் விடுவதா என்று கபீர் தயங்கினார். திரையை ஒதுக்கிப் பிடித்தது மெஹராஜ் பேகம்.

"பாக்கட்டுங்க" என்றார்.

அடுப்படியை ஒட்டிய அறை. மேசைமேல் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. பக்கத்தில் பேரீச்சம்பழ டப்பா ஒன்று. மூடியைத் திறந்தேன். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர்கள், தேய்ந்து தேய்ந்து மொச்சைக் கொட்டை அளவுக்கு வந்துவிட்டவை, ஓரமெல்லாம் கறுத்தவை. அரை டப்பாவுக்கு மேல் இருந்தது.

அவளுடைய முக்காலியிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஆஷிகா, பச்சை. நோட்டில் அஸார் பெயரில் உள்ள வேலைகள் இவர் செய்தவை. 2005இல் அஸாருக்குக் கொடுத்த அறிக்கை தவறு. அதைச் சரிபார்த்தவர் அமிர்தலிங்கம். இதைச் சரிபார்த்தவரும் அமிர்தலிங்கம் என்று என் பெயரையே இரண்டு தடவை போட்டேன். எழுதியதை அவர்கள் எதிரிலேயே வாசித்துக் காட்டினேன். கபீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆஷிகா, சாருக்கு ஒரு டீ..." என்று ஆரம்பித்த மெஹராஜ் பேகம் நிறுத்திக்கொண்டார். "நீ இரு, நானே போடறேன்" என்று அடுப்படிக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஏஜென்சியிலிருந்து எனக்கு ஒரு காகிதமும் வரவில்லை. ஆஷிகா சென்னைக்கு ரயில் ஏறிய மாதமே அஸார் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கடை திறந்துதான் இருக்கிறது. அங்கே இப்போது பெட்டி கழற்றுவது யார் என்று போய்ப் பார்க்க ஆசைதான், ஆனால் அந்த வாசலில் வண்டியை நிறுத்த எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.