தேங்காய் உடைத்தவர் யார்

நான் வழக்கில் தோற்றது ஒரு தேங்காயால். ஊரில் வேறு கதை சொல்வார்கள், நம்பவேண்டாம்.

அளவெட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினி கட்டுவதற்கு இஸ்ஸதீன் மேசனிடம் கொந்தராத்துக் கொடுத்தேன். கதவு கிழக்கில் வரவேண்டும் என்று என் மனைவி இரத்தினம்மா சாத்திரியாரிடம் கேட்டு வந்து வரைபடத்தில் போடுவித்தாள். கதவு நிலை வைக்கிற காலை, நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. கிழக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர் கல்லுக் குவிந்து கிடந்தது. இரத்தினம்மா முன்பக்கத்தில் பொங்கல் பானையை விட்டு அசைய முடியாமல் நின்றாள். நிலை வடக்கில் ஏறிவிட்டது.

பொங்கிவிட்டு வந்து பார்த்தவள், வடக்குக் கதவுக் குசினியில் அடுப்பு மூட்டவே மாட்டேன் என்றாள். மாற்றித் தர இருபதாயிரம் ஆகும் என்றார் மேசன். எனக்கு வந்ததே கோபம்! பிழை விட்டவன் காசும் கேட்கிறானா என்று குதித்தேன். வரைபடத்தை மீறிக் கட்டினார் என்று வழக்குப் போட்டேன்.

வழக்கு இரண்டு மாரிகாலம் இழுத்தது. இரத்தினம்மா கொல்லையில் தகரத்துக்குக் கீழே சமைத்தாள். மழைத் தண்ணீர் குழம்புச் சட்டிக்குள் விழும், புகை அவள் நெஞ்சுக்குள் போகும். இருமி முடித்து, வழக்கு எப்போது முடியும் என்று மட்டும் கேட்பாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வேலை தொடங்கிய திகதியை நிரூபிக்க, மகள் போனில் எடுத்த படம் ஒன்றை நானே என் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். அவர் திகதியைப் பார்த்தார். நீதிபதியோ படத்தையும் பார்த்தார்.

“வடக்கு நிலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு தேங்காய் உடைப்பவர் யார்?”

“நான்தான் ஐயா.”

அவ்வளவுதான். வழக்குத் தள்ளுபடி. அதோடு மேசனின் வழக்குச் செலவு அறுபத்தையாயிரத்தையும் நானே கட்டவேண்டும் என்று கட்டளை.

காசை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் நகரிலுள்ள மேசன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன். அவர் மனைவி ஸைனம்பு தேத்தண்ணியோடு வந்துவிட்டார். மேசன் காசை எண்ணினார்.

“இதிலை எனக்கு ஒரு சதமும் இல்லை ஐயா. முழுக்க என்ரை சட்டத்தரணிக்குத்தான் போகுது.”

இருபதாயிரத்தோடு முடிந்திருக்கவேண்டிய அலுவல். தகரத்துக்குக் கீழே இருமுகிறவள் கண்ணுக்குள் வந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

“வடக்கிலை வைக்கட்டோ எண்டு அண்டைக்கு நீர் கேட்டனீர்தான். நேரம் போகுது, வையும் எண்டு சொன்னது நான்தான்.”

அவர் எண்ணிய காசை மடித்து மேசையில் வைத்தார்.

“மாத்திறதுக்கு இப்பவும் இருபதாயிரம்தான். புதன்கிழமை வாறன்.”

செவ்வாய்க்கிழமையே முதுகு முறியக் கல்லை அள்ளிக் கிழக்குப் பக்கத்தைத் துப்புரவாக்கினேன். அடுத்த நாள் இரத்தினம்மா பொங்கல் பானையை மகளிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நிலை கிழக்கில் ஏறியது. நான் தேங்காயை ஓங்கினேன்.

“கொஞ்சம் பொறுங்கோ ஐயா,” என்றபடி மேசன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இப்ப உடையுங்கோ. நிலையும் நீங்களும் வடிவாத் தெரியவேணும்.”