கிண்ணத்தில் ஐந்து மோச்சி

தோமோயேயின் மகனுக்கு அயனேயைப் பிடித்துவிட்டது, அயனேக்கும் அவனை. மிச்சம் ஃபுகி அத்தையின் தலையசைப்பு ஒன்றுதான். பெண்ணுடைய அப்பாவின் அக்காவான அந்த அம்மாள் சரியென்று சொல்லாமல் அந்த வீட்டில் ஜன்னல்கூடத் திறக்காது. ஏற்கெனவே இரண்டு வரன்களைத் திருப்பியனுப்பியவர். ஒருவன் தேநீர்க் கிண்ணத்தை ஒற்றைக் கையால் தூக்கினானாம். இன்னொருவனின் அம்மா பாயின் விளிம்பை மிதித்துவிட்டாளாம்.

ஆகவே பெண்ணின் தாய் ஹிசானோ தேநீர் விருந்துக்கு அழைத்த நாளிலிருந்து தோமோயேக்குச் சோறு இறங்கவில்லை. பத்தே நாளில் பத்துக் கிலோ இளைத்தாள். எடை பார்க்கும் இயந்திரம்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் தாய் என்பதால் முதல் விருந்தாளியின் இடம் அவளுக்கு. அடுத்துக் கணவர் கென்சாகு, பிறகு பக்கத்து வீட்டார் இருவர், கடைசியில் ஃபுகி அத்தை.

"இனிப்பு எடுத்துக்குங்க," என்று வணங்கிவிட்டு ஹிசானோ கொதிக்கும் கெண்டியின் பக்கம் திரும்பினாள்.

கிண்ணத்தில் ஐந்து வராபி மோச்சி, பிசுபிசுப்பான இனிப்புத் துண்டுகள். வறுத்த சோயா மாவில் புரண்டு, தொட்டால் சிணுங்கும் குழந்தைக் கன்னம் போல் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று வைக்கும் வழக்கமில்லை. தோமோயே பக்கத்திலிருந்தவரிடம் முந்திக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்டு, குச்சிகளால் ஒன்றைத் தூக்கி, இனிப்புக்கென்று மடித்துக் கொண்டுவந்திருந்த தன் வெள்ளைத் தாளில் வைத்தாள். வைத்த பிறகுதான் பார்த்தாள். இரண்டு! மாவுக்கடியில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வந்திருந்தன.

தன் தாளில் பட்டதைத் திரும்பக் கிண்ணத்தில் வைப்பதா? அதற்கு ஷின்ஜி ஏரியில் குதிக்கலாம்.

மிச்சம் மூன்று, ஆள் நான்கு. ஒரே வழி, கணவர் எடுக்காமல் கிண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். தோமோயே கண்ணை உருட்டினாள், புருவத்தை ஆட்டினாள், கென்சாகுவின் தொடையைக் கிள்ளினாள்.

"கிள்ளாதே, கால் ஏற்கெனவே செத்துப் போச்சு," என்று கிசுகிசுத்தவர், இருந்ததிலேயே பெரியதை எடுத்துக்கொண்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் மனைவியின் ஒரு கண்ஜாடையைக்கூடப் புரிந்துகொள்ளாதவர் அன்றைக்கா புரிந்துகொள்வார்?

தோமோயே இரண்டையும் ஒரே வாயில் அடைத்தாள். மாவு தொண்டையில் ஏறியது. அப்போது மட்டும் இருமியிருந்தால் மாட்சுவே நகரமே மூன்று நாள் மஞ்சள் புழுதியில் மூழ்கியிருக்கும். கண்ணில் நீர் வழிய விழுங்கினாள்.

காலிக் கிண்ணம் ஃபுகி அத்தையிடம் போய்ச் சேர்ந்தது.

அத்தை அதை உற்றுப் பார்த்தாள். விருந்து வைத்தவளின் குறையை வெளியார் முன்னால் காட்டிக்கொடுப்பது அவள் பரம்பரையிலேயே இல்லை. கிண்ணத்தை வணங்கினாள். குச்சியால் காற்றை எடுத்துத் தாளில் வைத்தாள். காற்றை இரண்டாக வெட்டினாள். நிதானமாக மென்றாள், நூறு தடவையாவது இருக்கும். உதட்டை ஒற்றினாள்.

தேநீருடன் திரும்பிய ஹிசானோ, "எப்படி இருந்துச்சு, அண்ணி?" என்றாள்.

"ரொம்ப லேசும்மா. நாக்குல பட்டதே தெரியல."

ஹிசானோவின் பார்வை அத்தையின் தாளுக்குப் போனது. ஒரு பொட்டு மாவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாகியது. நெற்றி பாயில் பட விழுந்தாள்.

"அஞ்சு வெச்சேன்னு நெனச்சேனே! விருந்தாளிக்கு ஒரு இனிப்பு எண்ணி வைக்கத் தெரியாதவ, எந்த முகத்தோட சம்பந்தம் பேசுவேன்?"

தோமோயேயின் வயிற்றில் இரண்டு மோச்சியும் பாறாங்கல்லாகக் கனத்தன. வாயைத் திறக்காவிட்டால் தப்பித்துவிடலாம். பழி ஹிசானோவோடு போகும். திறந்தால் கல்யாணமே போகும். பக்கத்தில் கென்சாகு நிம்மதியாகப் பல்லை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கம்மா," என்றாள் தோமோயே. குரல் கீச்சென்று வந்தது. "உங்க கணக்கு சரிதான். ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டும் என் வயித்துல இருக்கு."

ஃபுகி அத்தை இமைக்காமல் பார்த்தாள். தோமோயேக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு இருப்பதே மறந்துபோயிற்று.

"ரெண்டையும் ஒரே வாய்லயா?"

"ஆமாங்க."

"அதான் கண்ணு ரெண்டும் வெளிய வந்துச்சா! நான் ஏதோ பக்தின்னு நெனச்சேன்." அத்தையின் தோள்கள் குலுங்கின. "ஹிசானோ, பொண்ணை இவங்க வீட்டுக்கே அனுப்பு. தப்பை ஒத்துக்கிற மாமியார் நூறு வருஷத்துக்கு ஒருத்திதான் பொறப்பா."

பிறகு தன் தாளை முழங்காலுக்கு முன்னால் நீவி விரித்தாள்.

"உள்ள ஏதாவது இருந்தா கொண்டா. காத்தைத் தின்னு வயிறு ஊதிப் போச்சு."