மூன்று விரல் உயரக் கற்பகம்

பாண்டியராஜின் மேசையை ஒர்க்‌ஷாப்காரர் யாராவது பார்த்தால், தன் கடைச் சாமான் எப்படி இங்கே வந்தது என்று சண்டைக்கு வந்துவிடுவார். ஜீப்பிலிருந்து கழற்றிய சக்கர பேரிங் ஒன்று நடுவில் கிடக்கும். அதற்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி, கட்டையின் தலையில் மெழுகு உருக்கி பொம்மையை நிறுத்திவிட்டால் போதும். விரலால் ஒரு தட்டுத் தட்ட, பொம்மை தானாகத் திரும்பிக்கொள்ளும், ஈரப் பெயிண்டில் கை படாது. இருமல் மருந்துப் பாட்டில் மூடிகள்தான் பெயிண்டுக் கிண்ணம். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட, ஊசி கழற்றிய சிரிஞ்சு. கலந்த வண்ணம் காயாமலிருக்க டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த துணி. சேலைக்குக் கரை போடுவதற்கு, மூன்று மயிரை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்த பிரஷ். புள்ளி வைக்க விளக்குமாற்று ஈர்க்கு. காசு கொடுத்து வாங்கியது என்று பார்த்தால் பெயிண்டும் பொம்மை பிடிக்கிற எம்-சீல் பசையும்தான்.

கை நடுங்காமலிருக்கவும் ஒரு வழி வைத்திருந்தான். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி மேசை விளிம்பில் ஊன்றுவான். மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியை நிறுத்திக்கொண்டு கோட்டை இழுப்பான். கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் விடுகிற மாதிரிதான் இதுவும் என்பான்.

கிளட்ச் மிதித்த அந்த இடது காலில் இப்போது கம்பி இருக்கிறது. பத்து வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்கியவன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் போடிமெட்டுப் பாதை வளைவொன்றில் ஜீப்பு பள்ளத்தில் இறங்கி மரத்தில் மோதியது. பன்னிரண்டு பேருக்குக் காயம். சிலமலைக் கற்பகம் மட்டும் பிழைக்கவில்லை.

‘மழை ஈரம், டயர் வழுக்கிருச்சு’ என்று போலீசில் சொன்னான். முதல் நாள் ராத்திரி மழை பெய்தது ஊருக்கே தெரியும், ஆகவே யாரும் துருவவில்லை. கற்பகத்தின் புருஷன் சின்ராசுவே ரொட்டியும் பாலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒம்மேல தப்பில்ல மாப்ளே, எங்க விதி” என்று அழுதார். அந்த ரொட்டி இன்றைக்கும் பாண்டியராஜின் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

கால் போன பிறகு கைக்கு ஒரு சோலி வேண்டுமே. கம்பியை வளைத்து எம்-சீல் அப்பி, ஏலப்பழம் எடுக்கிற பெண்கள், சாக்கு சுமக்கிற ஆள், ஜீப்பு என்று மூன்று விரல் உயரத்துக்குச் செய்ய ஆரம்பித்தான். நவராத்திரிக் கொலுவுக்கு வாங்கிப் போனார்கள். அவன் மனைவி அன்னக்கொடி ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிப்பவள். “நான் பகலெல்லாம் காய் பொறுக்குறேன். இந்த மனுசன் ஈர்க்குச்சி பொறுக்குறாரு” என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள். அவளிடமும் அவன் மழை என்றுதான் சொல்லியிருந்தான்.

ஆடி மாதக் கடைசியில் கற்பகத்தின் மகள் சுகன்யா வந்தாள். நர்சிங் முடித்திருந்தாள். ஆவணி இருபத்திரண்டு கல்யாணம்.

“மாமா, எங்காத்தா மொகத்தை நீங்க செஞ்சு குடுக்கணும். மணவறையில வச்சுக் கும்பிடணும்.”

“படம் இருக்குமேத்தா?”

“இருக்கு. ஸ்டுடியோக்காரரு பட்டுச்சேல கட்டி, நெத்திச்சுட்டி மாட்டி, மூஞ்சிய வெள்ளாவி வச்ச மாதிரி வெளுத்து விட்டுட்டாரு. கன்னத்து மச்சத்தைக்கூட தொடச்சிட்டாரு. அதுல இருக்கறது யாரோ. நீங்கதான் ஆத்தாள தெனமும் பார்த்தவரு.”

மச்சம் எந்தக் கன்னம் என்று அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. அந்த முகம் அவனுக்கு மனப்பாடம். ஏழு வருஷம் விடிகாலையில் சிலமலை நிறுத்தத்தில் முதல் ஆளாக ஏறி, பின்சீட்டு நடுவில் உட்கார்ந்து, போடிமெட்டுவரை வாய் ஓயாமல் பேசி வந்த முகம். சிரித்தால் மச்சம் கண்ணை நோக்கி ஏறும். அவனுக்குத் தூக்கத்தில் வருவதும் அந்த முகம்தான்.

மற்ற பொம்மை என்றால் இரண்டு நாள் வேலை. இதற்குப் பதினாறு நாள் ஆனது. மூன்று தடவை முகத்தைச் சுரண்டி எறிந்தான். தலையில் கட்டிய துண்டுக்கு அன்னக்கொடியின் பழைய ரவிக்கையிலிருந்து நூலெடுத்து ஒட்டினான். இடுப்புக் கூடையை ஈர்க்கின் மேல்தோலை உரித்து முடைந்தான். ஜன்னல் வெளிச்சம் போதாமல் போகும்போதெல்லாம், ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பொம்மையின் முகத்தில் விழ வைத்தான். ஜீப்பை இரும்புக்குப் போட்டபோது பேரிங்கோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வந்த உள்கண்ணாடி அது. வெளிச்சம் காட்டுவதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது என்பது அவன் கட்சி. கண்ணைத் திறப்பது எப்போதும் கடைசியில். கண்ணைத் திறந்த கையோடு எள்ளளவில் மச்சத்தையும் வைத்தான். முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. எழுந்து போய்க் கொல்லையில் நின்று அழுதுவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகன்யா வந்தாள். பொம்மையைப் பார்த்த மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஆத்தாதான்... அச்சு அசல் ஆத்தாதான் மாமா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “மச்சம் மட்டும் பக்கம் மாறிருச்சு. ஆத்தாளுக்கு எடது கன்னத்துல.”

“இல்லத்தா. சரியாத்தான் வச்சிருக்கேன்.”

“நான் பொறந்ததுலருந்து பார்த்த மொகம் மாமா” என்று சிரித்தபடி, பின்கொண்டையைப் பார்ப்பதற்காக பேரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினாள். பொம்மை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது. “இந்தா, இந்தக் கண்ணாடியில பாருங்க. இதுல சரியா இருக்கு.”

பாண்டியராஜ் பார்த்தான். கண்ணாடிக்குள் மச்சம் மறுகன்னத்தில் இருந்தது. அது அவன் அறியாத கற்பகம். அவனுக்குத் தெரிந்த கற்பகம் கண்ணாடிக்கு வெளியே மெழுகில் நின்றுகொண்டிருந்தாள்.

விஷயம் புரிய ஒரு நொடிதான் ஆனது. ஏழு வருஷமும் அவளை அவன் நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை. இருட்டில் பின்வழியே ஏறுவாள், பின்வழியே இறங்குவாள், அவன் முன்சீட்டைவிட்டு இறங்குவதில்லை. மற்றபடி பார்த்ததெல்லாம், பின்சீட்டைக் காட்டுகிற இந்தக் கண்ணாடிக்குள் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்த முகம்தான். முழுப் பூசணிக்காயை நான்கு வருஷம் சோற்றில் மறைத்தவனை ஓர் எள் காட்டிக்கொடுத்துவிட்டது.

இத்தனைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ‘அடடே, மறந்துட்டேன்த்தா’ என்று ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது. பஞ்சை எடுக்கவும் எடுத்தான்.

“இது நம்ம ஜீப்புக் கண்ணாடியா மாமா?” என்றாள் அவள், சாதாரணமாக.

பஞ்சைக் கீழே வைத்தான்.

“ஆமாத்தா. இதுலதான் உங்காத்தாள பார்ப்பேன். அன்னிக்கும் இதுலதான் பார்த்துக்கிட்டிருந்தேன். டயரு வழுக்கல. நான் ரோட்டைப் பார்க்கல.”

சுகன்யா கண்ணாடியை நோக்கித் திரும்பினாள். ஜீப்புச் சத்தம் ஒன்று தெருவைக் கடந்து போனது.

“ஏன் பார்த்தீங்க?”

“உனக்கு ரிசல்ட்டு வந்த மறுநா. உங்காத்தா எல்லாத்துக்கும் கடலமுட்டாய் குடுத்துக்கிட்டே வந்துச்சு. ‘அண்ணே, எம்மக ஐநூத்தி இருவத்தேழு எடுத்திருக்கா, நர்சாகப் போறா, எடுத்துக்கண்ணே’ன்னு முன்னால கைய நீட்டுச்சு. எடுத்தேன். அது மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். அதைப் பார்க்கத்தான்...” கண்ணாடியைக் கைகாட்டினான். “தலையத் தூக்குனேன்த்தா. தூக்குன நேரத்துல வளைவு வந்துருச்சு.”

அவள் திட்டுவாள், பொம்மையைப் பிடுங்கி எறிவாள் என்று பாண்டியராஜ் காத்திருந்தான். எறிந்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தாள். பேரிங்கைத் திருப்பிப் பொம்மையைத் தன் பக்கம் நிறுத்தினாள். பஞ்சை எடுத்து, ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற பதத்தில், அந்தத் தப்பான மச்சத்தைத் தானே துடைத்தாள்.

“வைங்க” என்றாள். மாமா என்ற சொல் இல்லை.

ஈர்க்கை எடுத்தான். மணிக்கட்டை ஒட்டினான், மூச்சைப் பிடித்தான். அத்தனை வித்தையும் அன்றைக்குப் பலிக்கவில்லை. மூன்று தடவை ஈர்க்கை முகத்தருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்தான். அவள் உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தன் இடது கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான், வைத்தான். சரியாக விழுந்தது.

காய்ந்ததும் பொம்மையைப் பஞ்சில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி வந்து எங்கப்பாட்ட சொல்லிருங்க. ஆத்தா கடைசியா என்ன சொல்லுச்சுங்கறதையும் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

மறுநாள் முதல் பஸ்சுக்குப் பாண்டியராஜ் ஊன்றுகோலோடு நிறுத்தத்தில் நின்றான். எங்கே போகிறான் என்று அன்னக்கொடி கேட்கவில்லை, அவளிடம் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் காலையில் அவன் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

சிலமலையில் சின்ராசு வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அவர் அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்துவந்தார்.

“வா மாப்ளே, வா! பொம்மையப் பார்த்தேன், அவளே வந்து நின்ன மாதிரி இருக்கு. அந்தக் கால வச்சுக்கிட்டு நிக்காத, உள்ள வந்து உக்காரு.”

“நின்னுக்கிட்டே சொல்லிர்றேன் மாப்ளே” என்றான் பாண்டியராஜ். அவர் கண்ணை நேராகப் பார்த்துத் தொடங்கினான்.