ஓக் அலமாரி நின்ற இடம்

யூட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் அப்பா கட்டிய மரவீடு எனக்கும் அண்ணன் ஹோல்கருக்கும் பொது. கோடையில் முதல் மூன்று வாரம் எனக்கு, அடுத்த மூன்று அவருக்கு. நகரத்து வீட்டில் வைக்க வெட்கப்படுகிற சாமானெல்லாம் கடற்கரை வீட்டுக்குப் போய்ச் சேருவது எங்கள் பக்கத்து வழக்கம். நாற்பது வருடமாகச் சேர்ந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் முற்றிவிட்டது.

இந்த வருடம் என் முறை வந்ததும் வீட்டையே மாற்றினேன். தரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். மணல் நிறத்தில் புது சோபா, அதன் முன்னால் கண்ணாடி மேசை. பழைய சாமான் சந்தையில் ஒரு பித்தளைக் கப்பல் விளக்கும் இரண்டு தேக்கு நாற்காலிகளும் கிடைத்தன. யார் யாரோ உட்கார்ந்து தேய்த்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவள், என் அப்பாவின் ஓக் மர அலமாரியை அதே சந்தையில் தள்ளிவிட்டேன். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் அது மாடு மாதிரி வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு ஜெர்மன் தம்பதி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் என் கணவர் பிரெபென்.

"கேட்டு என்ன ஆகப்போகுது? அவர் பாக்கவா போறாரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். பிரெபென் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணனுக்குப் பார்வை போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

சனிக்கிழமை முறை மாறும் நாள். காபியும் ஏலக்காய் ரொட்டியும் மேசையில் வைத்துவிட்டு, பாராட்டு வாங்க வாசலில் நின்றேன். அண்ணி இங்கெலிஸ் காரை நிறுத்தி இறங்குவதற்குள் அண்ணன் வழக்கம்போல விறுவிறுவென்று உள்ளே போனார்.

"என்னடி ரிக்கெ, பெயிண்ட் நெடி மூக்கைத் துளைக்குது! கப்பல் ஏதாவது கட்டினியா?"

கோட்டைக் கழற்றி மாட்டினார். அது தரையில் விழுந்தது.

"கொக்கியையும் பிடுங்கிட்டியா? நல்ல ஆளு!" என்று சிரித்தபடியே இடது கையை இடுப்பளவில் நீட்டினார். அங்கே அலமாரியின் விளிம்பு இருக்க வேண்டும். இல்லை. இன்னும் ஓர் அடி வைத்தார். கை காற்றைத் துழாவியது. முழங்கால் கண்ணாடி மேசையில் இடிக்க, காபிக் கோப்பை உருண்டது.

"அலமாரி எங்கடி?"

"வித்துட்டேன், அண்ணா."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாலு அடி போனால் சமையலறை. அங்கிருந்து கையெட்டும் தூரத்தில் அடுப்பு. அப்படித்தான் இத்தனை கோடையும் எங்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் குடியிருக்கும் ஆல்போர்க் நகரத்தில் தெருவில் இறங்கினால் வெள்ளைக் குச்சி வேண்டும். இந்த வீட்டில் ஒருநாளும் அவர் அதைத் தொட்டதில்லை. அதனால்தான் அவருக்குக் கண் தெரியாது என்பதே இங்கே எனக்கு மறந்துபோயிருந்தது. கேலி பேசும்போது மட்டும் எப்படியோ ஞாபகம் வந்தது.

அண்ணி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு, ரிக்கெ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

"மன்னிச்சிடுங்க அண்ணா. அந்த ஜெர்மன்காரங்களை எப்படியாவது தேடிப் பிடிச்சு..."

"விடுடி. எப்படி இருக்கு வீடு? சொல்லேன், கேக்கறேன்."

வெள்ளைத் தரை என்று ஆரம்பித்தேன். பித்தளை விளக்கு வரைக்கும் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். நகரவில்லை. ஒரு கை மட்டும் இடுப்பளவில் இன்னும் நீண்டபடியே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கும்போல" என்றார். "கார் டிக்கியில குச்சி கிடக்கு. எடுத்துட்டு வர்றியா?"