மயில் நீலத்துக்கு எத்தனை கொத்து உப்பு?

காத்தான்குடி எல்லையில், வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையின் முடிவில் இருந்த அந்தச் சாயச்சாலையில் எல்லா நிறங்களும் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தன, மயில் நீலத்தைத் தவிர. சிவப்பு சொன்னபடி கேட்கும். கறுப்பு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கேட்கும். மயில் நீலமோ காலையில் ஒரு முகம், பின்னேரம் ஒரு முகம் என்று காட்டிக்கொண்டிருந்தது. நஸீபா அதன்மேல் உண்மையாகவே கோபமாக இருந்தாள். ஒரு சாயத்தின்மேல் யாராவது கோபப்படுவார்களா என்று கேட்பவர்கள் மூன்று கிழமை அதனோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

நஸீபாவுக்கு இருபத்தேழு வயது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவள். இந்த இடம் முன்பு வெறும் நூல் களஞ்சியமாக இருந்தது. கொழும்பிலிருந்து சாயம் போட்ட நூல் வரும், முதலாளி முகைதீன்பாவா ஹாஜியார் அதை நெசவுகாரருக்குக் கொடுப்பார், அவ்வளவுதான். "எங்கட சாயத்த நாங்களே போடலாம் ஹாஜியார்" என்று எட்டு மாதத்துக்கு முன்னர் அவர் காதில் ஓதி ஓதி, இரண்டு எவர்சில்வர் தொட்டிகளும் ஒரு பொயிலரும் வாங்க வைத்தவள் நஸீபாதான். வேலைக்கு ஐந்து பெண்களைப் பிடித்தவளும் அவள்தான். றுமானா இரண்டு தடவை குவைத் போய் வந்தவள். மூன்றாவது பயணத்தை நிறுத்திவிட்டுக் காலை வேலைக்கு வந்தாள். ஆரையம்பதி வதனி, தினமும் நாலு மணித்தியாலம் பஸ்ஸில் கழிந்த தையல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பின்னேர வேலைக்கு வந்தாள். இருவரும் ஆளுக்கொரு தொட்டிக்குப் பொறுப்பு.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கம்சாயினி வரும்வரை. மட்டக்களப்பு டவுனில் சேலைக் கடை வைத்திருப்பவள் அவள். தறிகளும் சொந்தமாக உண்டு. ஒரு நாள் வந்து, காய்ந்துகொண்டிருந்த மயில் நீல நூல் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டாள். அந்தக் கட்டையே கையோடு கொண்டுபோனாள்.

"இதே நிறம்தான் வேணும். நாப்பது கட்டு" என்றாள். "ஆனா நாப்பதும் ஒண்டு போல இருக்கோணும். ஒரு சேலைக்குள்ள ரெண்டு தொட்டி நூல் கலந்து போகும். துளி வித்தியாசம் இருந்தாலும் நெய்தாப்புறகு கோடு கோடாத் தெரியும்."

நஸீபா தயங்காமல் ஓம் என்றுவிட்டாள். வாக்குக் கொடுக்கும்போது அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த நாளிலிருந்து வேலை தொடங்கியது. சூட்டை மட்டும் மாற்றிப் பார்த்தாள். வேறெதிலும் கை வைக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது என்பது அவள் கட்சி. அறுபது பாகையில் சாயம் நூலைத் திரும்பியே பார்க்காமல் தண்ணீரில் கிடந்தது. எழுபதில் அரைமனதோடு ஏறியது. எண்பதில் ஏறி உட்கார்ந்தது. தொண்ணூறுக்குப் போயும் மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை, விறகுதான் எரிந்தது. ஆக, எண்பது. அதேபோல நேரத்தைப் பார்த்தாள்: ஒரு மணித்தியாலம். எல்லாவற்றையும் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைத்தாள். தண்ணீர் நூறு லீற்றர், சாயம் இவ்வளவு, உப்பு ஐந்து கொத்து, சூடு எண்பது, ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு சலவைச்சோடா.

சாயம் நூலில் ஏறுவதற்கு உப்புத்தான் பிடித்துத் தள்ளிவிடும். அதை வீட்டில் அரிசி அளக்கிற தகரக் கொத்தால் அளந்தார்கள். தராசு ஒன்று இருந்தது. உப்புப் பட்டுப் பட்டு ஒரே மாதத்தில் துருப்பிடித்து அது படுத்துவிட்டது. கொத்து என்றால் கொத்து, அதில் என்ன பிழை வரப்போகிறது என்று நஸீபா அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவள் கண் எப்போதும் பொயிலரிலும் தொட்டிகளின் இரண்டு வெப்பமானிகளிலும்தான்.

பலகை எழுதிய அன்றைக்குக் காலை நூல் ஆழமாக, கம்சாயினி கொண்டுபோன அதே நிறத்தில் வந்தது. பின்னேரம் வெளிறி வந்தது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முகத்துவாரம் வெட்டினதால் வாவிக்குள் கடல்தண்ணி ஏறி, கிணறும் பின்னேரத்தில் உவர்த்துப்போகிறது என்றார் ஹாஜியார். நஸீபா இரண்டு நேரத் தண்ணீரின் உவர்ப்பையும் அளந்து பார்த்தாள். ஒரே தண்ணீர்தான். பொயிலர் பார்க்கிற கோணாமலை அண்ணன் பின்னேர விறகு ஈரம் என்றார். வெப்பமானி அதை ஒத்துக்கொள்ளவில்லை. வெப்பமானியே பொய் சொல்கிறதோ என்று இரண்டையும் தொட்டி மாற்றிப் போட்டாள். தொட்டிகளையே மாற்றினாள். காலை காலையாகவும் பின்னேரம் பின்னேரமாகவும்தான் இருந்தது.

ஹாஜியார் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுசர், அதட்டிப் பேசத் தெரியாது. அதனால்தான் அவர் சொன்னது நஸீபாவுக்கு இன்னும் உறைத்தது.

"மகள், வாற புதன்கிழமை அந்தக் கடைக்காரப் புள்ள வந்து பாத்து ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா நான் இந்தத் தொட்டிகள மூடிட்டுக் கொழும்பு நூலுக்கே போறன். உங்கள்ல எனக்குக் கோவமில்ல. இந்த நெஞ்சிடி எனக்கு ஏலா."

அன்றைக்கு நஸீபா சோறு தின்னவில்லை. தன் வேலை போவதை விட, றுமானா மறுபடியும் கடவுச்சீட்டைத் தேடி எடுப்பதையும் வதனி விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடுவதையும்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். வாங்க வாங்க என்று கூட்டி வந்தது அவள் அல்லவா.

திங்கட்கிழமை றுமானாவுக்கு ஏறாவூரில் சொந்தக்காரக் கலியாணம். வதனியும் அவளும் நேரம் மாற்றிக்கொண்டார்கள். காலையில் வதனி, பின்னேரம் றுமானா. அன்றைக்குக் காலை நூல் வெளிறி வந்தது. பின்னேர நூல் ஆழமாக வந்தது.

இதற்குப் பிறகு யாருக்கும் இரசாயனவியல் தேவைப்படவில்லை. கைராசி என்று ஒரே வாயாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். றுமானாவுக்குக் கைராசி உண்டு, வதனிக்கு இல்லை. கோணாமலை அண்ணன், றுமானா கையால் ஒரு தென்னம்பிள்ளை நட்டுத் தரச் சொல்லி அப்போதே கேட்டு வைத்துவிட்டார்.

வதனி தொட்டியைக் கழுவினாள். பிறகு நஸீபாவிடம் வந்தாள்.

"மிஸ், என்ட கை அப்பிடியெண்டா நான் நூல் அலசுற பக்கம் போறன். என்னால எல்லாருக்கும் வேல போகக் கூடாது."

நஸீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கைராசிய எதால அளக்கிற எண்டு யாராவது சொல்லட்டும், மறுகா நான் பலகையில எழுதுறன்" என்றாள். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க. ரெண்டு தொட்டியும் ஒரே நேரத்தில. நான் நடுவில இருக்கன்."

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு தொட்டிக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கொப்பியோடு உட்கார்ந்தாள். பொயிலர் பக்கம் போகவில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரே பெட்டிச் சாயம், அவளே அளந்து கொடுத்தது. இரண்டு பெண்களும் உப்புச் சாக்கை அவிழ்த்தார்கள்.

வலது காதில் வதனி, "ஒண்டு."

இடது காதில் றுமானா, மெதுவாக, தனக்குள்ளே சொல்வதுபோல், "பறக்கத்து."

"ரெண்டு."

"ஒண்டு."

நஸீபாவின் பேனை நின்றுவிட்டது. வதனி ஐந்து சொல்லிக் கொத்தைக் கீழே வைத்தாள். றுமானாவும் ஐந்து சொல்லித்தான் வைத்தாள். ஆனால் அவள் கொத்து ஒரு தடவை கூடுதலாகச் சாக்குக்குள் போய் வந்திருந்தது.

"ராத்தா, எத்தின கொத்துப் போட்டயள்?"

"அஞ்சு."

"ஆறு ராத்தா. நான் எண்ணினன்."

"அஞ்சுதான் புள்ள." றுமானா பொறுமையாக விளக்கினாள். "பறக்கத்து கணக்கில சேராது. அது அல்லாஹ்ட பேரால, நிறைவு வரட்டும் எண்டு வைக்கிற. எங்கட உம்மா அரிசி அளந்தாலும் அப்பிடித்தான். முதல் கொத்து பறக்கத்து, மறுகாத்தான் ஒண்டு. சில ஊட்டில ஒண்டுக்குப் பதிலாப் பறக்கத்து எண்டு சொல்லுவாங்க. அது எங்கட உம்மாக்குப் புடிக்காது. குடுக்கிறத மேலதிகமாக் குடுக்கோணும் எண்டு சொல்லுவா."

நூறு லீற்றர் தண்ணீரில் ஐந்துக்குப் பதில் ஆறு. சிவப்பும் கறுப்பும் அதைத் தாங்கிக்கொள்ளும், மயில் நீலம் தாங்காது. நஸீபா தலையில் கை வைத்தாள். மூன்று கிழமை. கிணறு, விறகு, வெப்பமானி, முகத்துவாரம் என்று ஊரையே விசாரித்துவிட்டு, உப்பை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டிருக்கிறாள். முதலில் வெட்கமாக இருந்தது. உடனே சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையிலேயே குனிந்துவிட்டாள்.

வதனியும் சிரித்தாள், திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக. "எங்கட அப்பாவும் வயல் வட்டையில நெல்லு அளக்கக்குள்ள முதல் மரைக்கால 'பொலி' எண்டுதான் சொல்லுவார் மிஸ். நானும் சொல்லியிருப்பன். இது நெல்லில்லையே, படிச்ச ஆக்கள்ட கணக்கெண்டு பயந்துதான் ஒண்டிலயிருந்து துடங்கினன்."

கம்சாயினி சொக்கிப்போன கட்டு றுமானாவின் தொட்டியில் வந்தது. ஆக, சரியான அளவு ஆறுதான். பலகையில் இருந்த ஐந்துதான் பிழை. எழுதினபடி அச்சுப் பிசகாமல் செய்த வதனிக்குத்தான் கெட்ட பெயர். நஸீபா அவளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு பெருமையாகப் போய்ப் பலகையில் ஐந்தை அழித்து ஆறு என்று எழுதினாள். விசயம் முடிந்தது என்று நினைத்தாள்.

எங்கே முடிந்தது? மத்தியானம் போட்ட தொட்டிகளில் வதனியின் நூல் அச்சொட்டாக வந்தது. றுமானாவுடையது திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த தோல்போல வந்தது. உப்பு கூடிப்போய், சாயம் அவசரப்பட்டுப் பட்ட இடத்தில் எல்லாம் ஒட்டியிருக்கிறது.

"ராத்தா, ஆறு எண்டு எழுதியிருக்கே."

"ஆறுதான் போட்டன்."

"பறக்கத்து?"

"அது போடாம எப்பிடிப் புள்ள துடங்குற?" றுமானாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சரி, நாளைக்கு உட்டுப் பாக்கிறன். ஆனா முப்பது வருசமாப் பழகின கை. சொல்லாட்டி அது ஓடாது."

அன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நஸீபா யோசித்தாள். றுமானாவோடு சண்டை பிடிக்கலாம். கண்டிப்பாக உத்தரவு போடலாம். பாவம், அவளும் முயற்சி செய்வாள். ஒரு நாள் ஞாபகம் வரும், ஒரு நாள் மறக்கும். அப்படியானால் நீலம் மறுபடியும் இரண்டு முகம் காட்டும். தண்ணீரின் குணத்துக்கும் நூலின் குணத்துக்கும் ஏற்றமாதிரி அளவு வைக்கிறோமே, கொத்தைப் பிடிக்கிற கையின் குணத்துக்கு ஏன் வைக்கக் கூடாது?

புதன்கிழமை காலை எல்லோருக்கும் முன்னர் வந்து பலகையைத் துடைத்து எழுதினாள். "உப்பு: முதலில் பறக்கத்து ஒரு கொத்து. அதன் பிறகு ஒன்றிலிருந்து ஐந்து வரை." எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இருக்காது. பேராசிரியர் யாராவது பார்த்தால் என்ன சொல்வார் என்ற பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஹாஜியார் வந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார், கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டு பெண்களும் இரண்டு தொட்டியில் வேலையைத் தொடங்கினார்கள். பறக்கத்து என்று இந்த முறை இரண்டு குரல் கேட்டது.

வெயில் நல்ல வெயில். வாவிக் காற்றும் கைகொடுத்தது. மூன்று மணிக்குக் கம்சாயினி வந்தபோது எட்டுக் கட்டுகளும் காய்ந்து, வாசலில் வெள்ளைத் துணியில் கிடந்தன. அவள் பைக்குள்ளிருந்து தன்னுடைய பழைய கட்டை எடுத்து அவற்றின் நடுவில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். கட்டுகளைப் புரட்டினாள், இடம் மாற்றினாள், தள்ளி நின்று பார்த்தாள், வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்.

கம்சாயினி நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு குழப்பம்.

"நான் கொண்டு வந்த கட்டு எது?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

"இதுக்குள்ளதான் வச்சன்" என்று அவள் மறுபடியும் தேடினாள். ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அப்போதுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே விளங்கியது. சிரித்துவிட்டாள். "சரி, அது போகட்டும். இதில ஒண்ட மாதிரிக்கு நான் வச்சுக்கொள்ளுறன். மத்த முப்பத்திரண்டும் இதப்போலயே வேணும்."

கைக்கு வந்த ஒரு கட்டை எடுத்தாள். ஒவ்வொரு கட்டிலும் சாயம் போட்டவரின் பெயர் எழுதி நூலுக்குள் செருகுகிற சிறு அட்டை வெளியே தொங்கியது. ஹாஜியார் அதைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"வதனி."

கோணாமலை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு பொயிலர் பக்கம் போய்விட்டார். றுமானா வதனியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நஸீபா அழக் கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் அழுதுவிட்டாள்.

வதனி தன் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை மயில் நீலம். அவற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "மிஸ், அடுத்த தொட்டிக்குத் தண்ணி உடட்டா?" என்று கேட்டாள்.